ஜாஸ் நம் மனோதர்மம் அன்று

நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்கலாம், உடன்படாதோர் இறுதிவரை வாசித்துவிட்டு மறுக்கலாம்.

“ஜாஸ் என்பது மேலைநாட்டாரின் மனோதர்மம், கர்நாடக இசையில் சற்றே காது பழகியவர்க்கு அதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.” பெங்களூருக்கு ஆய்வு மாணவனாக வந்த இந்த நான்கு ஆண்டுகளில் இக்கருத்தை எத்தனை முறை கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. மல்லேஸ்வரத்தில் கச்சேரி முடிந்து காபி அருந்தும் வேளையில் கேட்டிருக்கிறேன். விடுதி மாடியில் நள்ளிரவு விவாதங்களில் கேட்டிருக்கிறேன். சென்ற வாரம் நான் மதிக்கும் நண்பர் ஒருவர் இதையே பதிவாக எழுத, பலர் ஆமோதித்து மகிழ்ந்தனர். அந்த மகிழ்ச்சியே என்னை எழுதத் தூண்டியது. ஓர் இசையைக் கேட்காமலேயே அதை வென்றுவிட்ட மகிழ்ச்சி அது.

இவ்வொப்புமை புதிதாகக் கேட்பவனுக்குக் கதவைத் திறப்பதுபோல் தோன்றும். உண்மையில் அவனை வாசல் திண்ணையிலேயே அமரவைத்துவிடும். நான் அத்திண்ணையில் ஆறு மாதம் அமர்ந்திருந்தவன். ஆகவே இது பிறரைப் பற்றிய குற்றச்சாட்டு மட்டும் அன்று.

1

நான் இசைக்கலைஞன் அல்லன். காவிரிக் கடைமடையில் ஒரு சிற்றூர்; கோயில் திருவிழாவின் நாகஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த காது. பெங்களூரில் என் அறைத்தோழன் ஷில்லாங்கைச் சேர்ந்தவன். தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவன். அவன் எனக்கு முதலில் ஒலிக்கவிட்ட இசைத்தட்டு மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. 1959ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரண்டே நாள்களில் பதிவு செய்யப்பட்டது.

அதன் முதல் உருப்படி ‘ஸோ வாட்’. கேட்ட சில நிமிடங்களில் எனக்குப் பெருமிதம் பொங்கியது. “இது கரகரப்பிரியா!” என்று அறிவித்தேன். அறிவிப்பில் பிழையில்லை. அவ்வுருப்படி நிற்கும் ‘டோரியன்’ என்னும் சுர வரிசையும் நம் 22ஆம் மேளமாகிய கரகரப்பிரியாவும் சுரங்களின் அளவில் ஒன்றே. சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். தோழன் தலையசைத்தான். பிறகு, “சரி, இப்போது எத்தனையாவது பார் ஓடுகிறது?” என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. வினாவே புரியவில்லை.

அடுத்த ஆறு மாதம் நான் செய்தது ஒன்றே. ஒவ்வோர் உருப்படியிலும் ராகம் தேடினேன். கிடைத்தபோது மகிழ்ந்தேன், கிடைக்காதபோது சலித்தேன். டேவிஸின் வாசிப்பில் கமகம் இல்லையே என்று குறைப்பட்டேன். ஜான் கோல்ட்ரேன் ஒரு சுரத்தில் நில்லாமல் ஓடுகிறாரே என்று அலுத்தேன். ஒருவர் வாசித்து முடித்ததும் அடுத்தவர் தொடங்குவதைத் தனியாவர்த்தனம் என்று எண்ணிக்கொண்டேன். ஆறு மாதத்தின் முடிவில் எனக்குத் தெரிந்திருந்தவை எல்லாம் எனக்கு முன்பே தெரிந்திருந்தவைதாம்.

2

தோழன் ஒருநாள் சொன்னான்: “மேலே கேட்காதே. கீழே கேள்.” கீழே என்றால் பால் சேம்பர்ஸின் டபுள் பாஸ். கேட்டேன், விரல்களால் எண்ணினேன். நான்கு எண்ணிக்கை ஒரு பார். அப்படி 32 பார் ஒரு சுற்று. நம் கணக்கில் ஆதி தாளம் 16 ஆவர்த்தனம். அச்சுற்றில் முதல் 16 பார் 2 கட்டையில் நிற்கிறது. அடுத்த 8 பார் 2½ கட்டைக்கு ஏறுகிறது. கடைசி 8 பார் மீண்டும் 2 கட்டைக்கு இறங்குகிறது. டேவிஸ் இரண்டு சுற்று வாசிக்கிறார், கோல்ட்ரேன் இரண்டு, கேனன்பால் ஆடர்லி இரண்டு, பியானோவில் பில் எவன்ஸ் ஒன்று. சுற்று எவர்க்காகவும் நிற்பதில்லை.

இதை எண்ணிக் கேட்ட இரவில்தான் நான் முதன்முதலாக ஜாஸ் கேட்டேன் என்பேன். அந்த 2½ கட்டைக்கு ஏறும் இடம் வருமுன் உடலில் ஓர் எதிர்பார்ப்பு எழுந்தது. தரை அரைக்கட்டை உயரப் போகிறது. இவர் அதை எப்படித் தாண்டப் போகிறார்? ஒருவர் முன்கூட்டியே குதிக்கிறார்; ஒருவர் தரை உயர்ந்தபின் சற்றுத் தாமதித்து ஏறுகிறார். ‘கரகரப்பிரியா’ என்ற என் கண்டுபிடிப்பு இந்நாடகம் முழுவதையும் என்னிடமிருந்து மறைத்து வைத்திருந்தது.

இங்கேதான் மனோதர்ம ஒப்புமை முறிகிறது. நம் இசையில் தம்பூரா ஆதார சட்ஜத்தை விடாது பற்றியிருக்கிறது. தரை அசையாது, அசையாத தரைமீது ராகம் தன் உருவத்தை விரிக்கிறது. ஜாஸில் பெரும்பாலும் தரையே நகர்கிறது. பல சுரங்களை ஒருசேர ஒலிக்கும் ‘கார்ட்’ என்னும் சுரக்கூட்டு, சில எண்ணிக்கைக்கொருமுறை மாறுகிறது. மாறும்தோறும் அதே சுரத்தின் பொருளும் மாறுகிறது. ஒரு நொடி முன்பு வீடாக இருந்த சுரம் இப்போது அந்நியமாகிறது. கற்பனை சுரம் பாடுபவரின் சிக்கல் வேறு. இவர்களின் சிக்கல் வேறு. இரண்டும் கடினம். இரண்டையும் ‘கற்பனை’ என்ற ஒரே சொல்லால் மூடுவது, கடலோடியையும் மலையேறியையும் ‘பயணி’ என்று அழைத்து, ஆகவே இருவர்க்கும் ஒரே பயிற்சி போதும் என்பதைப் போன்றது.

ஓர் எடுத்துக்காட்டு. கோல்ட்ரேன் 1959இல் பதிவு செய்த ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’. 16 பார் சுற்றில் 26 சுரக்கூட்டுகள். 7, 5, 2½ என்று மூன்று கட்டைகளுக்கிடையே தாவல். ஒரு சுற்று ஏறக்குறைய 13 நொடியில் முடிந்துவிடும். “இது கிரக பேதம்தானே?” என்பார் நண்பர். கிரக பேதம் நம் கச்சேரியில் அரிதாக நிகழும் வியப்பு. நிகழும்போதும் தம்பூரா நகர்வதில்லை. இங்கோ அதுவே நடைபாதை. அப்பதிவில் பியானோ வாசித்த டாமி ஃபிளானகன் தேர்ந்த கலைஞர். அவருடைய தனி வாசிப்பு தயங்கித் தயங்கிச் செல்வதை எவரும் கேட்கலாம். 23 ஆண்டுகள் கழித்து, 1982இல், அவரே அப்பெயரில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டு அவ்வுருப்படியைச் சரளமாக வாசித்தார். ஃபிளானகனுக்கு அத்தனை காலம் பிடித்ததை நம் நண்பர்கள் ஒரு மாலைப்பொழுதில் கடந்துவிடுகிறார்கள்!

தாளத்திலும் இதே கதை. “ஸ்விங் என்பது திஸ்ர நடை” என்பர். மெதுவான காலத்தில் அப்படித் தோன்றலாம். ஆனால் ஸ்விங்கில் நீண்ட எண்ணுக்கும் குறுகிய எண்ணுக்குமான விகிதம் நிலையானதன்று. காலம் விரையவிரைய அது சமத்தை நோக்கி நகரும். ஆளுக்கு ஆளும் மாறும். அதைக் கணக்கில் எழுதி முடிப்பது கடினம்; டிரம்ஸ் கலைஞரின் வலக்கை சிம்பலில் செய்வதைப் பலநூறு முறை கேட்டே உடம்பில் ஏற்ற வேண்டும். டேவ் புரூபெக் குழுவினர்க்காகப் பால் டெஸ்மண்ட் இயற்றிய ‘டேக் ஃபைவ்’ உருப்படியைக் கண்டசாபு என்று காட்டுவதும் வழக்கம். ஐந்து எண்ணிக்கை மெய்தான். கண்டசாபு 2+3 என்று நடக்கும். அது 3+2 என்று நடக்கிறது. கால் மாற்றி வைத்தால் நடையே மாறிவிடும் என்பதைத் தாளம் போடத் தெரிந்தவர்க்கா நான் சொல்ல வேண்டும்?

3

அடுத்து வரும் வாதம், “கோல்ட்ரேன் தம் மகனுக்கே ரவி என்று பெயரிட்டார், ரவிசங்கர் மேலுள்ள மதிப்பால்.” உண்மை. அதிலிருந்து எதை நிறுவுகிறீர்கள்? உலகின் தலைசிறந்த சாக்ஸபோன் கலைஞர்களுள் ஒருவர் தமக்குத் தெரியாத ஓர் இசையின் முன் மாணவராக நின்றார் என்பதே அதன் பொருள். அவருடைய பணிவை நம் கர்வத்துக்குச் சான்றிதழாகச் சட்டம்போட்டு மாட்டுகிறோம். அவர் நம்மிடம் கற்க வந்தார். ஆகவே நாம் அவரிடம் கற்க ஒன்றுமில்லை. இதென்ன தருக்கம்?

பெங்களூர்வாசிகள் மறக்கலாகாத பெயர் ஒன்று உண்டு: சார்லி மரியானோ. 1923இல் பாஸ்டனில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். கறுப்பினக் கலைஞர்கள் படைத்த இசைக்குள் மாணவராக நுழைந்து, சார்லஸ் மிங்கஸின் 1963ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற இசைத்தட்டில் ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசிக்குமளவு உயர்ந்தவர். அந்நிலையை அடைந்தபின் அவர் செய்ததைக் கவனியுங்கள். 1960களில் மலேசியாவில் பணிபுரிந்தபோது நாகஸ்வரம் கேட்டார். அதைக் கற்கத் தொடங்கினார். 1970களில் தென்னிந்தியாவுக்கு வந்து பயின்றார். நாற்பது வயதைத் தாண்டிய, பெயர்பெற்ற கலைஞர், சீவாளியில் ஊதிச் சுருதி சேர்க்கும் முதற்பாடத்திலிருந்து தொடங்கினார்.

பெங்களூரில் டி.ஏ.எஸ். மணி 1964இல் நிறுவிய கர்நாடக தாளவாத்தியக் கல்லூரியின் குழுவினரோடு மரியானோ பல்லாண்டு இணைந்து வாசித்தார். அவர்கள் கூட்டில் பிறந்த ‘ஜோதி’ என்னும் இசைத்தட்டு 1983இல் பதிவாயிற்று. ஆர்.ஏ. ராமமணியின் குரல், மணியின் மிருதங்கம், கடம், கஞ்சிரா, கொன்னக்கோல். இவற்றினிடையே மரியானோவின் சாக்ஸபோனும் புல்லாங்குழலும். அதை ஒருமுறை கேளுங்கள். ராமமணியின் குரலுக்கு அவர் எவ்வளவு இடம் விடுகிறார் என்பதைக் கேளுங்கள். தமக்குத் தெரிந்த ஜாஸைக் கொண்டுவந்து கொட்டவில்லை, கேட்டபின் வாசிக்கிறார்.

மரியானோ, “நாகஸ்வரம் என்பது கீழைநாட்டுச் சாக்ஸபோன், எனக்குத் தெரியாததன்று” என்று எண்ணியிருந்தால் ‘ஜோதி’ பிறந்திராது. இரண்டு இசைகளும் வேறு என்று உணர்ந்தவர்க்கே இரண்டையும் கற்க இயலும். ஒன்றென்று சாதிப்பவர் ஒன்றோடு நின்றுவிடுகிறார்.

தமிழ் வேர்கள் கொண்ட அமெரிக்கப் பியானோ கலைஞர் விஜய் ஐயரையும் இங்கே நினைக்கலாம். கணிதமும் இயற்பியலும் பயின்று, ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-அமெரிக்க இசைகளின் தாளத்தை உடல் எவ்வாறு அறிகிறது என்பதை 1998இல் முனைவர் பட்ட ஆய்வாக்கினார். ‘என் முன்னோரின் தாளம் இதை முன்பே சொல்லிவிட்டது’ என்று அவரும் எழுதி முடித்திருக்கலாம். அந்த எளிய வழியை அவர் தேர்ந்தெடுக்கவில்லை.

4

இதுவரை ‘எல்லாம் நம்மிடம் உண்டு’ என்போரைப் பேசினேன். ஜாஸை ஒரு நாளும் மனோதர்மம் என்று சொல்லாத மற்றொரு கூட்டமும் இந்நகரில் உண்டு. ஜாஸ் அவர்களுக்கு மங்கிய விளக்கு, உயர்ந்த கண்ணாடிக்கோப்பை, வார இறுதி. ஜாஸ் ‘ரசிப்பது’ ஒரு வாழ்க்கைத்தரத்தின் அடையாளம். தமிழ்த் திரைப்படம் நெடுங்காலம் சாக்ஸபோனையும் டிரம்பெட்டையும் வில்லனின் கிளப்புக்குள் வைத்திருந்தது. இவர்கள் அதே கிளப்பை மரியாதைக்குரியதாக்கிவிட்டார்கள். மாற்றம் அவ்வளவே.

ஈராண்டுக்கு முன் நகரின் ஓர் உணவரங்கில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். மேடையில் பாடிய பெண் இறுதியில் ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாடினார். வெள்ளை இனவெறிக் கும்பல்களால் அடித்துக் கொல்லப்பட்டு மரங்களில் தொங்கவிடப்பட்ட கறுப்பின மக்களைப் பற்றிய பாடல் அது. ஏபெல் மீரோபோல் என்ற பள்ளி ஆசிரியர் எழுதியது. பில்லி ஹாலிடே 1939இல் நியூயார்க்கின் கஃபே சொசைட்டி அரங்கில் பாடியது. ஹாலிடே அதைப் பாடும்போது அங்கே பரிமாறுவோர் பணியை நிறுத்திவிடுவர்; விளக்குகள் அணையும்; அவர் முகத்தின்மேல் மட்டும் ஒளி விழும்; பாடல் முடிந்தபின் வேறு பாடல் கிடையாது. உண்பதும் குடிப்பதும் நடக்கும் இடமாகையால்தான் அவ்விதி தேவைப்பட்டது.

நான் இருந்த அரங்கில் பரிமாறல் நிற்கவில்லை. என் பக்கத்து மேசையில் ஒரு பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பாடல் முடிந்ததும் ஒருவர், “என்ன இதமான குரல்!” என்றார். பாடிய பெண் நன்றி சொல்லி இறங்கினார். அவர் முகத்தை என்னால் பார்க்க இயலவில்லை.

என் ஊரிலிருந்து வெண்மணி தொலைவில் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவில் அங்கே 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அவர்களுக்காகப் பாடப்படும் ஒரு பாட்டு, எங்கோ ஒரு நாட்டின் விடுதியில், மொழி தெரியாதோர் நடுவே, உணவுக்குப் பின்னணியாக ஒலித்து, ‘இதம்’ என்ற பாராட்டைப் பெற்றால் நமக்கு எப்படியிருக்கும்? கேக் வெட்டியோரைத் தீயவர் என்று சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ‘இசைக்கு மொழியில்லை; உணர்ந்தால் போதும்’ என்ற பொன்மொழியின் விலை இதுதான்.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959 ஆகஸ்ட் 17 அன்று வெளிவந்தது. எட்டு நாள் கழித்து, தாம் வாசித்துக்கொண்டிருந்த பேர்ட்லேண்ட் அரங்கின் வாசலில், இடைவேளையில் காற்றாட நின்ற மைல்ஸ் டேவிஸைக் காவலர்கள் தலையில் இரத்தம் வழிய அடித்தார்கள். 1963 செப்டம்பரில் பர்மிங்காம் தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு சிறுமியர் இறந்தனர். நவம்பரில் கோல்ட்ரேன் ‘அலபாமா’ பதிவு செய்தார். சொல்லே இல்லாத அவ்வுருப்படியை அந்த ஆண்டும் ஊரும் தெரியாமல் கேட்பவர், மெல்லிய சோக இசை என்று கடந்துபோவார். தெரிந்து கேட்பவர் அமைதியாவார்.

திண்ணையில் இருப்போரும் உணவரங்கில் இருப்போரும் தங்களை எதிரெதிர் என்று எண்ணிக்கொள்கிறார்கள். செய்வது ஒன்றே: அந்த இசையைப் படைத்தவர்களை அதிலிருந்து அகற்றிவிடுகிறார்கள். முன்னவர் அவ்விடத்தில் தம் பாரம்பரியத்தை அமர்த்துகிறார். பின்னவர் தம் மாலைப்பொழுதை.

5

“நம் இசையே கேட்பாரற்றுக் கிடக்க, அயலார் இசையை இத்தனை பாடுபட்டு ஏன் கற்க வேண்டும்?” இதுவே நேர்மையான மறுப்பு. இதற்கு என் அனுபவத்தைத்தான் விடையாகத் தர முடியும்.

ஜாஸ் என் காதுக்குக் கற்பித்தவற்றுள் முதன்மையானது, ஒலியின் குணமும் இசையே என்பது. டேவிஸ் டிரம்பெட்டின் வாயில் ஓர் அடைப்பைச் செருகி வாசிக்கும்போது எழும் மெலிந்த, உலர்ந்த ஒலி, கோல்ட்ரேனின் கரகரப்பு. இவை சுரத்தின்மேல் பூசிய வண்ணங்கள் அல்ல. சொல்லவந்த செய்தியே அவைதாம். இப்பாடத்தோடு சென்ற ஆண்டு விடுமுறையில் ஊர் சென்றேன். கோயில் பிராகாரத்தில் தோடி வாசித்துக்கொண்டிருந்த நாகஸ்வரக்காரரைச் சிறுவயதிலிருந்து அறிவேன். ஒரு நாளும் நின்று கேட்டதில்லை. அன்று ஒரு மணி நேரம் நின்றேன். மூச்சின் அழுத்தத்தால் அவர் ஒரே காந்தாரத்துக்கு எத்தனை உடல்கள் தந்தார்! நாங்கள் ஐந்தாறு பேர்தாம் கேட்டுக்கொண்டிருந்தோம். ஊர் அவ்வழியே பேசிக்கொண்டு கடந்தது, அந்த உணவரங்கைப்போலவே.

அவ்விசையைக் காத்துவந்தோரை நம் சபாக்கள் எத்தனை தூரத்தில் நிறுத்தின என்பதை நாம் அறிவோம். பாஸ்டனிலிருந்து ஒருவர் வந்து அவர்களிடம் மாணவராக அமர்ந்தார். நாமோ ‘எல்லாம் நம்மிடம் உண்டு’ என்று சொல்லிக்கொண்டு அவர்களைக் கடந்து நடக்கிறோம். உண்டு என்று சொல்வது எளிது. நின்று கேட்பதுதான் அரிது. அயலிசையை மதித்துக் கற்ற காதுதான் எனக்கு என் ஊரைத் திருப்பிக் கொடுத்தது.

ஆகவே புதிதாகக் கேட்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். நூறு இசைத்தட்டுகளில் நுனிப்புல் மேய வேண்டா. ஒன்றை எடுங்கள், பத்து முறை கேளுங்கள். ஒரு முறை பாஸை மட்டும் தொடருங்கள். ஒரு முறை சிம்பலை. ஒரு முறை பியானோக்காரரின் இடக்கையை. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் இரண்டாம் உருப்படி ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ 12 பார் ப்ளூஸ். 48 எண்ணிக்கைக்கொருமுறை சுற்று முடிவதை விரல்விட்டு எண்ணுங்கள். தொடக்கத்தில் வரும் மெட்டை மனப்பாடம் செய்து, பிறர் தனித்து வாசிக்கும்போது அதை மனத்துக்குள் பாடிக்கொண்டே இருங்கள். அவர்கள் எதிலிருந்து விலகுகிறார்கள், எங்கே திரும்புகிறார்கள் என்பது தெரியத் தொடங்கும். பதிவான ஆண்டைப் பாருங்கள். அவ்வாண்டில் அந்நாட்டில் என்ன நடந்தது என்று படியுங்கள். பெங்களூரில் இருப்போர் நேரிலும் சென்று கேளுங்கள். பாடுவோர் பாடும்போது கோப்பையைக் கீழே வையுங்கள்.

ராகத்தின் பெயர் நாவில் எழுந்தால் எழட்டும், அது இயல்பு. சொல்லிவிட்டு, எத்தனையாவது பார் ஓடுகிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விடை தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டியதில்லை. கற்கத் தொடங்கும் இடம் அதுதான்.